டீசல் இன்ஜினில் தாவர எண்ணெயை ஊற்றலாமா? ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சிலிண்டர் கொண்ட, எரிபொருளை நேரடியாக எரியறைக்குள் தெளிக்கும் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. பொரித்துக் கழித்த சமையல் எண்ணெயை நன்றாக வடிகட்டி, டீசலுடன் பாதிக்குப் பாதி கலந்து சில நாட்கள் ஓட்டியிருக்கிறீர்கள். இன்ஜின் எந்தத் தொல்லையும் தரவில்லை. ருடால்ஃப் டீசலே தம் இன்ஜினைக் கடலை எண்ணெயில்தான் ஓட்டினார் என்றும் படித்திருக்கிறீர்கள். மெக்கானிக் மட்டும் இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பதும், பயோடீசல் என்பது இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதும் உங்கள் கேள்விகள். புகை குறையுமா என்றும் துணையாகக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில், இன்ஜின் இந்த எண்ணெயில் ஓடுமா என்ற கேள்வியும், ஓடினால் தன் ஆயுள் முழுவதும் கெடாமல் ஓடுமா என்ற கேள்வியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. முதல் கேள்விக்கு நீங்களே விடை கண்டுவிட்டீர்கள். உங்கள் மெக்கானிக் பதில் சொல்வது இரண்டாவது கேள்விக்கு. அதில் அவர் பக்கமே நியாயம் அதிகம். நான் இயந்திரப் பொறியியல் படித்து, இன்ஜெக்டர்களையும் எரிபொருள் பம்ப்களையும் பழுதுபார்க்கும் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன். அந்தப் பழக்கத்திலிருந்தும் இத்துறையில் உறுதிப்பட்ட ஆய்வுகளிலிருந்தும் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது பாதி உண்மையாகவே பரவியிருக்கிறது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், பிரெஞ்சு அரசின் விருப்பப்படி, ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது உண்மை. 1912-இல் டீசலே இதை எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இன்ஜின் கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்டது என்றும், மாற்றம் எதுவும் செய்யாமலே தாவர எண்ணெயில் ஓடியது என்றும் அவர் அதே இடத்தில் தெளிவாகக் குறிப்பிடுகிறார். ஆகவே டீசல் இன்ஜின் தாவர எண்ணெய்க்காகவே பிறந்தது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இதைவிட முக்கியமானது, அந்தக் காலத்து இன்ஜின் எரிபொருளை எப்படித் தெளித்தது என்பது. அது மெதுவாகச் சுழன்ற இயந்திரம். உயர் அழுத்தக் காற்றைக் கொண்டு எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதி, அந்தக் காற்றின் வேகத்தாலேயே அதைச் சிதறடித்தது. கெட்டியான எண்ணெயும் அந்த முறையில் ஓரளவு நன்றாகவே உடைந்துவிடும். பிற்காலத்தில், குறிப்பாக 1927-இல் பாஷ் நிறுவனத்தின் பம்ப்கள் பெருமளவில் உற்பத்திக்கு வந்த பிறகு, காற்றின் துணையில்லாமல் எரிபொருளை மட்டுமே அழுத்தி மெல்லிய துளைகள் வழியே தெளிக்கும் முறை சிறிய இன்ஜின்களில் நிலைபெற்றது. உங்கள் ஜெனரேட்டர் இந்த வழியில் வந்தது. 1900-இல் வென்ற எண்ணெய் உங்கள் இன்ஜினிலும் வெல்லும் என்று அந்தக் கண்காட்சியைக் காட்டிச் சொல்ல முடியாது.

சிக்கலின் வேர் எண்ணெயின் பாகுத்தன்மையில், அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மையில், இருக்கிறது. நாற்பது டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை ஏறத்தாழ 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ், சமையலுக்குப் பயன்படும் பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு அதே வெப்பநிலையில் 30 முதல் 40 வரை, விளக்கெண்ணெய்க்கு 200-ஐயும் தாண்டும். அதாவது நீங்கள் ஊற்றும் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டியானது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மூலக்கூற்றின் அளவு. ஒரு கிளிசரால் முதுகெலும்பில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குவதுதான் தாவர எண்ணெயின் மூலக்கூறு. அதன் மூலக்கூற்று நிறை 880 அளவில் இருக்கும். டீசலின் மூலக்கூறுகள் சராசரியாக அதில் கால் பங்கு எடைதான் இருக்கும்.

இந்த எண்கள் எரியறைக்குள் என்ன செய்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் இன்ஜினில் எரிபொருள் தெளிக்கப்படும் நேரம் இரண்டு மில்லி விநாடி அளவுதான். அந்த நேரத்துக்குள் இன்ஜெக்டரின் முனையான நாசிலின் துளையிலிருந்து வரும் எண்ணெய் நுண்ணிய திவலைகளாக உடைந்து, காற்றோடு கலந்து, ஆவியாகி, தீப்பற்ற வேண்டும். டீசல் 180 முதல் 360 டிகிரி செல்சியஸுக்குள் ஏறத்தாழ முழுவதும் ஆவியாகிவிடும். தாவர எண்ணெயோ கொதிநிலையை எட்டுவதற்கு முன்பே சிதையத் தொடங்கிவிடுகிறது. கெட்டியான எண்ணெய் பெரிய திவலைகளாகவும் குறுகிய, நெடுந்தூரம் பாயும் கற்றையாகவும் வெளிவருகிறது; அதில் ஒரு பகுதி எரிவதற்கு முன் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் மோதுகிறது. எரிபொருள் எவ்வளவு எளிதில் தானே தீப்பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணும் தாவர எண்ணெய்களுக்குக் குறைவு; பெரும்பாலும் 35-க்கும் 42-க்கும் இடையில்தான் இருக்கும். டீசலுக்கு ஐரோப்பிய தர விதி கேட்பது குறைந்தது 51. எனவே தீப்பற்றுவதும் சற்றுத் தாமதமாகிறது.

எரியாமல் தங்கும் பகுதிதான் இன்ஜினைக் கெடுக்கிறது. முதலில் நாசிலின் வாயில் கருமையான, கடினமான கார்பன் படிகிறது. அதனால் தெளிப்பு மேலும் கெடுகிறது. கெட்ட தெளிப்பு மேலும் படிவைக் கூட்டுகிறது. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்ப்பதால், பல வாரங்கள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பின்னர் சில நாட்களில் நிலைமை மோசமாகும். அடுத்ததாக, பிஸ்டன் ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் பிசின் போன்ற பொருள் சேர்ந்து ரிங் அசையாமல் இறுகிவிடும். ரிங் இறுகினால் அழுத்தம் குறையும், எரிந்த வாயு கீழே கசியும், சிலிண்டர் சுவர் தேயும். மூன்றாவதுதான் எனக்கு எப்போதும் அதிகக் கவலை தருவது: சுவரில் படிந்த எண்ணெயை ரிங்குகள் வழித்து இன்ஜின் ஆயிலோடு சேர்த்துவிடுகின்றன. டீசல் கசிந்தால் ஆயில் நீர்த்துப்போகும். சூட்டில் அதில் ஒரு பகுதி ஆவியாகியும் வெளியேறும். தாவர எண்ணெய் ஆவியாகாது. சூடும் ஆக்சிஜனும் உலோகத் துகள்களும் சேர்ந்த அந்தச் சூழலில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. ஒரு கட்டம் வரை ஆயில் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். பிறகு திடீரென்று கூழாகிவிடும். கூழான ஆயில் பேரிங்குகளுக்குப் போய்ச் சேராது. கார்பன் படிந்த நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம்; கிராங்க் பேரிங் பிடித்துக்கொண்ட இன்ஜினை மீட்பது பெரிய வேலை, பல சமயம் செலவுக்குத் தகுதியில்லாத வேலை.

இதில் உறுதியானது எது என்று கேட்டால், மேலே சொன்ன மூன்றுமே உறுதியானவை. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல நாடுகளில் இதை ஆராய்ந்தார்கள். 1982-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஃபார்கோ நகரில் தாவர எண்ணெய் எரிபொருள்களுக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. அக்காலத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்: குறுகிய காலச் சோதனையில் தாவர எண்ணெய் டீசலுக்கு நிகராகத் திறன் தருகிறது, நீண்ட நேரம் ஓட்டினால் நாசில் படிவு, ரிங் இறுகல், ஆயில் கெட்டிப்படுதல் ஆகியவை வருகின்றன. மாற்று எரிபொருளைச் சல்லடை போட்டுப் பார்க்க இன்ஜின் உற்பத்தியாளர்கள் 200 மணி நேரச் சோதனை ஒன்றை வகுத்ததும் இதனால்தான். குறுகிய ஓட்டம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் ஓட்டிப் பார்த்த சில நாட்கள் அந்த அளவுக்கு அருகில்கூட வரவில்லை. உறுதியாகச் சொல்ல இயலாதது, ஒரு குறிப்பிட்ட இன்ஜின் எத்தனை மணி நேரத்தில் கெடும் என்பது. அது எண்ணெயின் வகை, கலவை விகிதம், சுமை, இன்ஜின் சூடு, ஆயில் மாற்றும் இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்துப் பெரிதும் மாறும். உங்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லி, அதுவரை கவலையில்லை என்று யாராவது உறுதியளித்தால் நம்ப வேண்டாம்.

எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபாடு உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எண்ணெயில் எத்தனை இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன என்பதை அயோடின் எண் காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டியும், பாமாயிலுக்கு 50-ஐ ஒட்டியும், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 130-ஐ ஒட்டியும், ஆளிவிதை எண்ணெய்க்கு 180-ஐ ஒட்டியும் இருக்கும். எண் கூடக்கூடக் காற்றுப்பட்டுப் பிசினாகும் இயல்பும் கூடும். ஆளிவிதை எண்ணெய் வண்ணப்பூச்சில் சேர்க்கப்படுவதே அது உலர்ந்து படலமாவதால்தான்; அதே குணம் ரிங் பள்ளத்தில் வேண்டாதது. மறுபுறம், அயோடின் எண் குறைந்த தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் இளங்குளிரிலேயே உறைந்து பில்டரை அடைத்துவிடும். இன்ஜினுக்குள் நல்லதாக நடந்துகொள்ளும் எண்ணெய் டேங்கில் தொல்லை தருவதும், டேங்கில் நல்லதாக இருப்பது இன்ஜினுக்குள் தொல்லை தருவதும் இத்துறையில் ஓயாமல் எதிர்ப்படும் முரண்.

இனி வடிகட்டுதலுக்கு வருகிறேன். வடிகட்டியது நல்லதுதான், பம்பில் எரிபொருளை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே என்பதால், துகள் இருந்தால் அவை கீறிவிடும். ஆனால் வடிகட்டுவது எண்ணெயில் மிதக்கும் பொருளைத்தான் நீக்கும். எண்ணெயில் கரைந்திருப்பதையும் எண்ணெயின் இயல்பையும் அது மாற்றாது. பொரித்த எண்ணெயில் உணவிலிருந்து வந்த நீர் இருக்கும், உப்பு இருக்கும், மீண்டும் மீண்டும் சூடாக்கியதால் உடைந்து விடுபட்ட கொழுப்பு அமிலங்கள் இருக்கும், ஒன்றோடொன்று பிணைந்து பெரிதான மூலக்கூறுகளும் இருக்கும். நீரும் அமிலமும் பம்பின் எஃகை அரிக்கும். பிணைந்த மூலக்கூறுகள் பாகுத்தன்மையை மேலும் கூட்டும். பட்டறைக்கு வரும் பம்ப்களில் துருப்பிடித்த பிளஞ்சரைக் கண்டால் நான் முதலில் சந்தேகிப்பது எரிபொருளில் கலந்த நீரைத்தான். எண்ணெயைக் கண்ணாடிபோல் தெளிவாக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு வருபவர்களிடம் இதை விளக்குவதே கடினமாக இருக்கிறது, ஏனென்றால் கெடுதி கண்ணுக்குத் தெரியும் வடிவில் இல்லை.

டீசலோடு கலப்பது உதவாதா? ஓரளவு உதவும். கலவையின் பாகுத்தன்மை இரண்டுக்கும் நடுவே இறங்கும். தெளிப்பு சற்றுச் சீராகும். ஆனால் பாதிக்குப் பாதி கலவையிலும் பாகுத்தன்மை டீசலுக்கு உரிய வரம்பைவிட மிக அதிகமாகவே இருக்கும். மேலும் கலவையிலுள்ள தாவர எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றும் முன்போலவே பெரியது, முன்போலவே ஆவியாக மறுப்பது. டீசல் எரிந்துபோன பிறகு அது மட்டும் தங்கும். கலவையில் எண்ணெயைக் குறைத்தால் கெடுதி வரும் வேகம் குறையும், கெடுதி மறையாது. சிலர் பாகுத்தன்மையைக் குறைக்கப் பெட்ரோலைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அதை வன்மையாக மறுக்கிறேன்: டேங்கில் தீப்பற்றும் ஆபத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது, சீட்டேன் எண்ணையும் இறக்குகிறது.

எண்ணெயைச் சூடாக்கித் தரும் இரட்டை டேங்க் முறைக்கு ஓரளவு மதிப்பு உண்டு. இன்ஜினை டீசலில் கிளப்பி, நன்றாகச் சூடான பிறகு, குளிரூட்டும் நீரின் வெப்பத்தால் 70, 80 டிகிரிக்குச் சூடேற்றிய தாவர எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மீண்டும் டீசலுக்குத் திரும்பி, குழாயையும் நாசிலையும் கழுவிவிடுவது அந்த முறை. எரியறையோடு இணைந்த சிறு முன்னறையில் எரிபொருளைத் தெளிக்கும் பழைய கார் இன்ஜின்களில், சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் கொண்ட வரிசைப் பம்ப் பொருத்தியிருந்தால், இம்முறையில் நெடுங்காலம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த அறையின் சுவர் சூடாக இருப்பதும், அங்கே காற்று வேகமாகச் சுழல்வதும், நாசில் ஒற்றைத் துளையோடு தானே துடைத்துக்கொள்ளும் அமைப்பாக இருப்பதும் இதற்குத் துணை செய்கின்றன. உங்களுடையது போன்ற நேரடித் தெளிப்பு இன்ஜினுக்கு இந்த வசதிகள் இல்லை. பல நுண்துளைகள் கொண்ட நாசில் எளிதில் அடைபடும். எரிபொருளாலேயே உராய்வு நீக்கிக்கொள்ளும் சுழல் பம்ப் பொருத்திய இன்ஜினில் குளிர்ந்த தாவர எண்ணெய் பம்பின் தண்டையே முறித்துவிடக்கூடும். 80 டிகிரியிலும்கூட எண்ணெயின் பாகுத்தன்மை பத்துக்கு மேல் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சூடாக்கினால் தெளிப்பு திருந்தும், மூலக்கூறு சிறியதாகாது.

தாவர எண்ணெயை அப்படியே எரிக்கும் பெரிய இன்ஜின்களும் உலகில் இருக்கின்றன. கப்பல்களிலும் மின்நிலையங்களிலும் பயன்படும் நடுத்தர வேக இன்ஜின்கள் கெட்டியான கனரக எண்ணெயைச் சூடாக்கி எரிப்பதற்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றில் சூடாக்கி, பிரித்து, சுத்திகரித்து ஊட்டும் கருவிகள் ஏற்கெனவே இருக்கும். அவை மெதுவாக, பெரும்பாலும் உயர்ந்த சுமையில், நிற்காமல் ஓடும். ஜெர்மானியப் பொறியாளர் லுட்விக் எல்ஸ்பெட் தாவர எண்ணெய்க்கென்றே எரியறையை வடிவமைத்த சிறிய இன்ஜின்களை உருவாக்கினார். ஜெர்மனியில் ரேப்சீட் எண்ணெயை எரிபொருளாக விற்பதற்கு டின் 51605 என்ற தர விதியும் உண்டு. இவை எல்லாம் காட்டுவது, எண்ணெய்க்கேற்ப இன்ஜினை மாற்றினால் வேலை நடக்கும் என்பதை. அந்த வழி உங்களுக்கு இல்லாததால், இன்ஜினுக்கேற்ப எண்ணெயை மாற்றுவதுதான் மீதம். பயோடீசல் என்பது அந்த மாற்றத்தின் பெயர்.

பயோடீசல் செய்யும்போது எண்ணெயோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலையும், வினையைத் தூண்டக் காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷையும் சேர்த்து ஏறத்தாழ 60 டிகிரியில் கலக்குவார்கள். மூன்று சங்கிலிகளும் கிளிசராலை விட்டுப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மெத்தனாலோடு இணைந்து மெத்தில் எஸ்டர் ஆகும். எடைக் கணக்கில் 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்து 100 கிலோ பயோடீசலையும் பத்துப் பதினோரு கிலோ கிளிசராலையும் தரும். வினை முழுமையாக நடக்க மெத்தனாலை இரு மடங்கு ஊற்றி, எஞ்சியதை மீட்பது வழக்கம். மூலக்கூற்று நிறை 880-இலிருந்து 295 அளவுக்கு இறங்கிவிடும். பாகுத்தன்மை 35-இலிருந்து 4 அல்லது 5-க்கு வந்துவிடும். சீட்டேன் எண் டீசலை எட்டும், சில எண்ணெய்களில் தாண்டவும் செய்யும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல: பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் 1937-இல் இவ்வகை எஸ்டர்களை எரிபொருளாகப் பயன்படுத்துவதற்குப் பெல்ஜியத்தில் காப்புரிமை பெற்றார், மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பேருந்து பாமாயிலின் எஸ்டரில் ஓடியது.

தரம் பார்த்துச் செய்த பயோடீசல் உங்கள் இன்ஜினுக்கு ஏற்றது என்று தயக்கமில்லாமல் சொல்வேன். ஆனால் தரம் பார்த்து என்ற சொல்லின் மேல் நான் முழு எடையையும் வைக்கிறேன். பொரித்த எண்ணெயில் விடுபட்ட கொழுப்பு அமிலம் ஒரு விழுக்காட்டைத் தாண்டினால், காஸ்டிக் அதனோடு சேர்ந்து சோப்பாகி, பயோடீசலும் கிளிசராலும் பிரியாமல் குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு தொகுதி எண்ணெயையும் முதலில் அமில அளவு பார்த்தாக வேண்டும். அமிலம் அதிகமெனில் கந்தக அமிலத்தின் உதவியோடு அதை முன்கூட்டியே எஸ்டராக்க வேண்டும். நீரையும் முழுவதும் போக்க வேண்டும். வினை முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: அறை வெப்பநிலையில் 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்கினால், எஸ்டர் கரைந்துவிடும், மாறாத எண்ணெய் அடியில் துளிகளாகத் தங்கும். துளி தெரிந்தால் அந்தத் தொகுதி இன்ஜினுக்கு ஆகாது. துளி தெரியாததால் மட்டும் எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. மெத்தனால், சோப்பு, கிளிசரால், நீர் ஆகியவற்றின் எச்சத்தை இந்தச் சோதனை காட்டாது. ஐரோப்பாவின் ஈ.என். 14214 தர விதி மொத்தக் கிளிசராலை 0.25 விழுக்காட்டுக்குள்ளும், நீரை ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், மெத்தனாலை 0.2 விழுக்காட்டுக்குள்ளும் வைக்கச் சொல்வது காரணமில்லாமல் அல்ல.

வீட்டில் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்து அங்கேதான் மனம் போகும் என்பதால் சொல்கிறேன். மெத்தனால் கொடிய நச்சு, குடித்தால் மட்டுமல்லாமல், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும், பார்வையைப் பறிக்கும். அது 65 டிகிரியில் கொதிப்பதால், வினை நடக்கும் வெப்பநிலையிலேயே திறந்த பாத்திரத்திலிருந்து ஆவி பெருகும். அது தீப்பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. காஸ்டிக் கரைத்த மெத்தனால் தோலையும் கண்ணையும் வெந்துபோகச் செய்யும். மூடிய கலனும், ஆவியைக் குளிர்வித்து மீட்கும் அமைப்பும், தீப்பொறி எழாத மோட்டாரும், காற்றோட்டமும், கண் கழுவும் வசதியும் இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்ய நான் யாருக்கும் வழி சொல்ல மாட்டேன். எண்ணெயும் பயோடீசலும் ஊறிய துணிகளைக் குவித்துப்போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

பயோடீசலுக்கு மாறும்போது எதிர்பார்க்க வேண்டியவை சில. ஒரு லிட்டரில் அடங்கிய வெப்ப ஆற்றல் டீசலைவிட எட்டு விழுக்காடு அளவுக்குக் குறைவு. அந்த அளவுக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அது நல்ல கரைப்பான் என்பதால், பழைய டேங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடை இளக்கிக்கொண்டு வந்து பில்டரை அடைக்கும். முதலில் ஓரிரு பில்டர்களை அடுத்தடுத்து மாற்ற வேண்டியிருக்கும், அதைக் கண்டு எரிபொருள் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இயற்கை ரப்பர் ஹோஸ்களும் சில நைட்ரைல் வாஷர்களும் ஊதி இளகும். ஃபுளோரோ ரப்பரால் ஆனவை தாங்கும். செம்பும் பித்தளையும் துத்தநாகமும் படும் இடத்தில் பயோடீசல் வேகமாகக் கெடும். நீரை உறிஞ்சுவதால் நெடுநாள் சேமித்தால் நுண்ணுயிர் வளரும்; அமிலத்தன்மையும் ஏறும். சில மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஜெனரேட்டர் என்றால் இந்தக் கடைசிக் குறை மிகப் பெரியது. அப்படிப்பட்ட இயந்திரத்தின் டேங்கில் நல்ல டீசலையே வைத்திருக்கச் சொல்வேன்.

அதே எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து ஆக்சிஜனை முழுவதும் நீக்கும் முறையும் இருக்கிறது. அதில் கிடைப்பது எஸ்டர் அல்ல. டீசலிலேயே காணப்படும் பாரஃபின் வகை ஹைட்ரோகார்பன். சீட்டேன் எண் 70-க்கு மேல், சேமித்தால் கெடாது, ரப்பரைத் தொடாது. பெரிய சுத்திகரிப்பு ஆலையில் மட்டுமே செய்யக்கூடியது. கிடைக்கும் இடத்தில் இதைவிடச் சிறந்த தாவர எரிபொருள் தற்போது இல்லை என்பது என் கருத்து.

உங்கள் பதிவின் அடியில் வேறொருவர் தம் புதிய காமன் ரயில் கார் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் தருவது) பற்றிக் கேட்டிருந்தார். அதில் தாவர எண்ணெயைச் சிறிதளவும் ஊற்றக் கூடாது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. 1,600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், மனித முடியின் பருமன் அளவேயான துளைகள் வழியே தெளிக்கும் அமைப்பு அது. புகைத்துகள் பில்டரைச் சுத்தம் செய்ய அந்த இன்ஜின்களில் பல சிலிண்டருக்குள் தாமதமாகக் கொஞ்சம் எரிபொருளைத் தெளிக்கும். டீசல் அங்கே ஆவியாகிவிடும், கொதிநிலை உயர்ந்த பயோடீசல் சுவரில் படிந்து ஆயிலோடு சேரும். அதனால்தான் பயோடீசலின் அளவுக்கும் வரம்பு வைக்கிறார்கள். ஐரோப்பாவில் விற்கும் சாதாரண டீசலில் 7 விழுக்காடு வரை பயோடீசல் கலக்க அனுமதி உண்டு. அதற்கு மேல் போவதானால் தயாரிப்பாளரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே எல்லை.

புகை குறையுமா என்ற உங்கள் துணைக் கேள்விக்கு உறுதியும் ஐயமும் கலந்தே பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் தொகுத்த ஆய்வின்படி, 20 விழுக்காடு பயோடீசல் கலவையில் புகைத்துகள் பத்து விழுக்காடும் கார்பன் மோனாக்சைடு 11 விழுக்காடும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடுகள் இரண்டு விழுக்காடு கூடின. துகள் குறைவது பின்வந்த சோதனைகளிலும் நிலைத்திருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு கூடுமா என்பது இன்ஜினுக்கு இன்ஜின், சுமைக்குச் சுமை மாறுவதால் இன்றும் விவாதத்தில் உள்ளது. அந்தத் தொகுப்பில் இருந்தவை பெரும்பாலும் பழைய கனரக இன்ஜின்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாற்றாத தாவர எண்ணெய்க்கு இந்த எண்கள் பொருந்தா. தெளிப்பு கெட்ட இன்ஜினில் புகை கூடவே செய்யும்.

உங்கள் ஜெனரேட்டருக்குத் திரும்புகிறேன். இன்ஜினைப் பார்க்காமல் அதன் இன்றைய நிலையைச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்லலாம். கலவையை நிறுத்தி, டேங்கைக் காலி செய்து, டீசலை ஊற்றி நல்ல சுமையில் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். குறைந்த சுமையில் ஓட்டுவது இந்த எண்ணெய்களுக்கு மிகக் கெடுதியானது, ஏனென்றால் எரியறை போதிய சூட்டை எட்டுவதில்லை. பல ஜெனரேட்டர்கள் தம் திறனில் கால் பங்கு சுமையோடுதான் காலம் கழிக்கின்றன. பிறகு இன்ஜின் ஆயிலைக் கெடு பார்க்காமல் உடனே மாற்றுங்கள். வடித்த ஆயில் நூலாக இழுபட்டாலோ வடிகுழாயின் ஓரத்தில் கூழாகத் தங்கினாலோ கலப்பு நிறைய நடந்திருக்கிறது என்று பொருள். அப்போது சிறிது நேரம் ஓட்டிவிட்டு இரண்டாம் முறையும் ஆயில் மாற்ற வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனை மேடையில் வைத்து, திறக்கும் அழுத்தத்தையும் தெளிப்பின் வடிவையும் பாருங்கள். எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே மாதிரி மூடுபனியாக வந்து, சொட்டாமல் நின்றால் நாசில் தப்பித்தது. அதைக் கழற்றியிருக்கும்போதே சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். பிற்காலத்தில் ரிங் இறுகுகிறதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஓர் எண் போதும். குளிர்ந்த நிலையில் கிளப்புவது கடினமாவது, கிளம்பியதும் வெண்புகை நீடிப்பது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் வாயு வேகமாக அடிப்பது, ஆயில் அளவுகோலில் மட்டம் தானே உயர்வது ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் தலைப்பகுதியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கழிந்த எண்ணெயை வீணாக்க மனமில்லை என்றால், அதைச் சேகரித்துப் பயோடீசல் செய்யும் ஆலைக்குக் கொடுத்துவிட்டு, சோதனைச் சான்றோடு வரும் பயோடீசலை வாங்கி 20 விழுக்காடு அளவில் கலந்து ஓட்டுங்கள். இன்ஜின் ஆயிலை மட்டும் வழக்கமான இடைவெளியில் பாதிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.